திருப்பதி போட்ட கையெழுத்து

பொன்னுமணி தன் கதையை எழுத ஒத்துக்கொண்டபோது ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "எம் பேரையும் போடுங்க, அந்தாளு பேரையும் போடுங்க. ஊர்ப் பேரை மாத்தி எழுதுற சோலியெல்லாம் வேணாம். நான் என்ன களவாண்டேனா, மறைக்கிறதுக்கு?"

அதனால் பேரோடே சொல்கிறேன்.

ஊர் சிலமலை, போடிக்குப் பக்கம். அங்கே பாதிப் பெண்கள் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, கேரள எல்லைக்குள் பூப்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய் மசங்கலில் திரும்புகிறவர்கள். பொன்னுமணி இருபது வருஷமாக அப்படிப் போகிறாள். இப்போது வயது நாற்பத்து மூன்று. ஒடிசலான உடம்பு, கறுத்த முகம், பேசும்போது எதிராளியின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காத பழக்கம். அந்தப் பழக்கம் முன்பு கிடையாது, போன வருஷம் வந்தது என்று அவளோடு வேலைக்குப் போகிற செல்லக்கிளி சொன்னாள்.

திருப்பதியை அவளுக்குக் கட்டி வைத்தபோது அவன் இன்னொருவருடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயதில் பொன்னுமணிக்குத் தலைப்பிரசவம். ஒன்றரை நாள் வலி. பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்டது. போடியில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பெண் குழந்தை, மூன்றே முக்கால் கிலோ. சூர்யகலா என்று பேர் வைத்தார்கள்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். உட்கார முடியாது, ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். அதற்குள் மலையில் காய் எடுப்புத் தொடங்கிவிட்டது. இருபத்தெட்டாம் நாள் திருப்பதி சொன்னான்: "டாக்டரம்மா எல்லாம் ஆறிருச்சுன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு ஜீப்புக்கு ரெண்டு ஆள் கொறையுது. நீயும் ஏறு. பிள்ளைய எங்கம்மா பாத்துக்கிரும்."

ஏலச்செடியில் காய் அடித்தூரில் தரையோடு கிடக்கும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் பொறுக்க வேண்டும். சாயங்காலம் பச்சைக்காய்ச் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறி ஸ்டோரில் போட வேண்டும். முப்பது கிலோவுக்குக் குறையாது. பொன்னுமணி தூக்கினாள். பால் கட்டி நெஞ்சு கல்லாய்க் கனத்ததையும் அடிவயிறு இழுத்ததையும் எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே என்று நினைத்துக்கொண்டு தூக்கினாள்.

மூன்றாம் மாதம் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு, வழுவழுவென்று. அழுத்தினால் உள்ளே போனது. எழுந்து நின்றால் மறுபடியும் இறங்கியது. இருமினால் சேலை நனைந்தது. ஜீப் குழியில் விழுந்து எழுந்தால் நனைந்தது. வருஷம் போகப்போக நெல்லிக்காய் எலுமிச்சம்பழமாகிவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் காப்பியும் கிடையாது. மத்தியானம் சோற்றோடு ரெண்டு மடக்கு.

திருப்பதி முதலில் கட்டிலைத் தள்ளிப் போட்டான். பிறகு மூக்கைப் பொத்தினான். சூர்யகலாவுக்குப் பதினோரு வயதானபோது போடியில் முத்துப்பிரியா என்ற பெண்ணோடு பழக்கம் என்று ஊரில் பேச்சு வந்தது. பொன்னுமணி கேட்டாள். அதற்குப் பதிலாக அவன் பங்காளிகளை ஊர்ச் சாவடியில் கூட்டினான், கல்யாணத்தை அத்துவிடச் சொல்லி.

அன்றைக்கு நடந்ததைப் பொன்னுமணி என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் ஒரு வார்த்தை மாறவில்லை.

சாவடிக்குள் ஆண்கள் ஒன்பது பேர். நடுவில் சுருளிவேல், திருப்பதிக்குப் பெரியப்பா முறை, பஞ்சாயத்து அவர் சொன்னபடிதான் முடியும். பொன்னுமணி வெளியே வெயிலில் நின்றாள். திருப்பதி சொன்னான்: "பெரியப்பா, இவ உடம்பு பொம்பள உடம்பே இல்ல. எந்நேரமும் ஒழுகுது. ஒரு பிள்ளை பெத்தவளுக்கு இப்படியா ஆகும்? மலையில எவன் எவன் கூடப் போய் இப்படிக் கெடுத்துக்கிட்டாளோ, யாரு கண்டா?"

யாரோ ஒருவர் சிரித்தார். சுருளிவேல் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கெட்ட பானைய வச்சு எத்தன நாளைக்குப்பா பொங்குவான்? அத்துவிட்றுங்க" என்றார்.

பொன்னுமணி வாயைத் திறந்தாள், பேச. பேச்சுக்குப் பதில் இருமல் வந்தது. அடக்க அடக்க வந்தது. சேலை நனைந்து, காலடிப் புழுதியில் ஈரம் பரவியதை ஒன்பது ஆண்களும் பார்த்தார்கள்.

"பாத்தீகளா?" என்றான் திருப்பதி.

அந்த "பாத்தீகளா"வைத்தான் அவளால் முழுங்க முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா விட்டுப்போன ஓட்டு வீட்டுக்கு வந்தாள். பெத்துராஜ் என்கிறவருடைய ஜீப்பில் வேலைக்குப் போனாள். திருப்பதி முத்துப்பிரியாவைக் கட்டிக்கொண்டான். சொந்தமாக ஜீப் வாங்கினான், ஒன்று மூன்றானது. பூப்பாறையில் ஒரு பெரிய தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகிற கங்காணியானான். தினம் நாற்பது பெண்கள். வெள்ளைச் சட்டை, கையில் ரெண்டு போன். ரோட்டில் எதிரே வந்தால் பொன்னுமணி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒன்பது வருஷம் அப்படிப் போனது.

போன வருஷம் வைகாசியில் அவளுக்கு விடாத இருமல். போடியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருமலைப் பார்த்த நர்சு சேலையையும் பார்த்துவிட்டார். எத்தனை வருஷமாக என்று கேட்டார். பதினெட்டு இருபது இருக்கும் என்றாள் பொன்னுமணி. நர்சு வையவில்லை, மூக்கைச் சுளிக்கவில்லை. ஒரு சீட்டில் பேர் எழுதி, "மதுரையில இந்த டாக்டரப் போய்ப் பாருங்க. போடிப் பொண்ணுதான். பழைய பிரசவச் சீட்டு ஏதாச்சும் இருந்தாலும் கொண்டு போங்க" என்றார்.

சீட்டு இருந்தது. சூர்யகலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டபோது, அதோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தது. இங்கிலீஷில் எழுதியிருந்தது. குழந்தையின் எடை அதில் இருக்கிறது என்பது மட்டும் பொன்னுமணிக்குத் தெரியும்.

அந்த டாக்டர் பேர் ஜெஸ்ஸி. போடியில் மளிகைக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். "சிலமலையா? வாங்கக்கா" என்று அவர் சொன்னதிலேயே பொன்னுமணிக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

ஸ்கேன் என்றால் வயிற்றில் வைத்துப் பார்ப்பது என்று நினைத்துப் போயிருந்தாள். இது அப்படி இல்லை. ஒன்றுக்குப் போய்விட்டு வரச்சொல்லி, காலை மடக்கிப் படுக்க வைத்து, உறை மாட்டிய கருவியைக் கீழே, வெளிப்புறமாகவே வைத்தார் ஜெஸ்ஸி. குளிர்ந்த பசை. வலி இல்லை. டிவிப்பெட்டி மாதிரி ஒன்றை அவள் பக்கமும் திருப்பி வைத்தார். கறுப்பும் சாம்பலுமாக ஏதோ அசைந்தது.

"ஒன்னுக்க அடக்குற மாதிரி மேல இழுத்துப் பிடிங்கக்கா."

இழுத்தாள்.

"இப்ப முக்குங்க. நல்லா முக்குங்க."

"நனைஞ்சுருமே தாயி."

"நனையட்டும். அதுக்குத்தான் விரிச்சிருக்கு. முக்குங்க."

இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி அவளிடம் நனையட்டும் என்று சொன்னாள். பொன்னுமணி முக்கினாள். திரையில் சாம்பல் நிறப் பை ஒன்று மெல்லக் கீழே இறங்கி, ஒரு வெள்ளைக் கோட்டைத் தாண்டி வந்தது. அதுதான் மூத்திரப்பை, அந்தக் கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டியது என்றார் ஜெஸ்ஸி. பிறகு கருவியில் எதையோ மாற்றினார். படம் வேறு மாதிரி ஆனது. கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற தோற்றம் அது.

"இங்க பாருங்க. இடுப்புக்கு அடியில ஒரு தசை இருக்கு. பிள்ளைக்குக் கட்டுற தூளி மாதிரி. கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் அதுதான் தாங்குது. தூளிக்கு ரெண்டு பக்கமும் முடிச்சு வேணுமில்ல? இந்தத் தசை முன்னெலும்புல ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கணும். இடது பக்கம் ஒட்டியிருக்கு, தெரியுதா? வலது பக்கம் பாருங்க."

வலது பக்கம் எலும்புக்கும் தசைக்கும் நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி. ஸ்கேன் பார்க்கத் தெரியாதவளுக்கும் தெரிந்தது.

"பிஞ்சு போயிருக்கு" என்றாள் பொன்னுமணி.

"ஆமா. எலும்போட பிடிப்பே விட்டுப் போச்சு. முக்குறப்ப தூளிக்கு நடுவுல இருக்குற இந்த வாய் எவ்வளவு விரியுதுன்னு அளந்தேன். இருபத்தஞ்சுக்கு மேல போனாலே அதிகம். ஒங்களுக்கு முப்பத்தி நாலு."

"எதுனால பிஞ்சது?"

"பிரசவத்துலதான். பெரிய பிள்ளை, ஆயுதம். அதுல சில பேருக்கு இப்படி ஆகும்."

"வேற எதுனாலயும் ஆகுமா?" பொன்னுமணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "தப்பா நடந்தா, ஆம்பள கூடப் போனா, அப்படி எதும்?"

ஜெஸ்ஸி கருவியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "எவன் சொன்னான் ஒங்களுக்கு?"

பொன்னுமணி சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுப் பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். ஜெஸ்ஸி அந்தப் பழைய சீட்டை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு, பொன்னுமணி கேட்காமலேயே, ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி வாசித்தார்:

"ஆயுதப் பிரசவம். ஆசனவாய்த் தசை வரை கிழிசல், தையல் போடப்பட்டது. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. ஆறாவது வாரம் கட்டாயம் வந்து காட்ட வேண்டும். இவை கணவரிடம் விளக்கிச் சொல்லப்பட்டன."

அதற்குக் கீழே கையெழுத்து. அது மட்டும் தமிழில் இருந்தது. ப. திருப்பதி. தி-யின் சுழியை அவன் எப்போதும் போடுகிற மாதிரி, வால் நீட்டி.

ஜெஸ்ஸி நேர்மையானவர். "அக்கா, ஒண்ணு சொல்லணும். பாரம் தூக்குனதுனால தசை பிய்யல. அது பிரசவத்துலயே பிஞ்சிருச்சு. அந்தக் காலத்துல இந்த ஸ்கேனு இங்க கிடையாது, அது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா வெளிய தெரிஞ்ச கிழிசல அவுங்க எழுதியிருக்காங்க. ஓய்வா இருந்து, ஆறு வாரத்துல போய்க் காட்டியிருந்தா இவ்வளவு இறங்கியிருக்காமப் போயிருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்" என்றார்.

பொன்னுமணியின் காதில் முதல் பாதி விழுந்ததாகத் தெரியவில்லை. "அவனுக்குத் தெரியும்" என்றாள். "தெரிஞ்சேதான் மலைக்கு ஏத்திவிட்டான். தெரிஞ்சேதான் சாவடியில அப்படிச் சொன்னான்."

மதுரையிலிருந்து போடி வருகிற வரைக்கும் பஸ்சில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. ஆண்டிபட்டி தாண்டும்போது பக்கத்தில் இருந்தவர் "என்னம்மா, யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாராம். "இன்னும் இல்ல" என்றாளாம் இவள்.

வீட்டுக்கு வந்ததும் சத்தம் போடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஜெஸ்ஸி எழுதிக் கொடுத்ததை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து மனப்பாடம் செய்தாள். நேரே போய் அவன் சட்டையைப் பிடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பைத்தியக்காரி சண்டைக்கு வந்தாள் என்று ஊர் வேடிக்கை பார்க்கும், அவன் வெள்ளைச் சட்டையை உதறிவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு எது வலிக்கும் என்று யோசித்தாள். பொண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அவன் உயிர் அந்த மூன்று ஜீப்பில் இருந்தது. ஜீப் என்பது இரும்பு. அதில் ஏறுகிற நாற்பது பெண்கள்தான் ஜீப்.

அந்த நாற்பது பேரையும் அவளுக்குத் தெரியும். திருப்பதியின் ஜீப் வழியில் நிற்காது என்பதும் தெரியும். மலையடிவாரத்து முந்தலில் நிறுத்தச் சொன்னால் "மேல போய்ப் பாத்துக்கலாம்" என்பான். மேலே போனால், "பொம்பளைகளுக்கு எந்நேரமும் இதே சோலி" என்பான், போனில் பேசிக்கொண்டே. பெண்கள் அடக்கிக்கொண்டு போவார்கள். அடக்க முடியாதவர்கள் இருமலை விழுங்கிக்கொண்டு போவார்கள்.

ஆனியில் ஆரம்பித்தாள். முதலில் செல்லக்கிளி. அவள் திருப்பதியின் ஜீப்பில்தான் அப்போது போய்க்கொண்டிருந்தாள். குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டுப் பொன்னுமணி கேட்டாள், "மதினி, ஒனக்கும் இறங்குதா?"

செல்லக்கிளி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். "ஒனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம?"

பொன்னுமணி ஸ்கேன் படத்தை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். பிய்ந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு திருப்பதியின் கையெழுத்தைக் காட்டினாள். செல்லக்கிளி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாவி" என்றாள்.

அப்படியே ஒவ்வொருத்தியாக. நாற்பது பேரில் பதினாறு பேர் தங்களுக்கும் உண்டு என்றார்கள். ஆறு பேரை மூன்று தவணையாக மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாருக்கும் பிய்ந்திருக்கவில்லை. ரெண்டு பேருக்குத்தான் பிய்ந்திருந்தது. ஒருத்திக்குத் தசை தளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு இழுத்துப் பிடிக்கிற பயிற்சியே போதும் என்றார் ஜெஸ்ஸி. திரையைப் பார்த்துக்கொண்டே எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தார். அவர்கள் சந்தோஷமாகத் திரும்பினார்கள். பொன்னுமணிக்கு அந்தச் சந்தோஷம் பெரிதாக இல்லை. "ஒவ்வொருத்தியும் ஸ்கேன் ரூம விட்டு வெளிய வர்றப்ப, அவன் ஜீப்புல ஒரு சீட்டு காலின்னு எண்ணிக்கிட்டேன்" என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

பெத்துராஜிடம் பேசினாள். "அண்ணே, நாப்பது ஆளு கொண்டாந்தா ஒங்களால ஏத்த முடியுமா?"

"ரெண்டு ஜீப்பு வாடகைக்கு எடுக்கணும். எடுத்துருவேன். ஏம்த்தா?"

"ஒரே ஒரு சொல்லு. முந்தல்லயும் மேல மெட்டுலயும் கக்கூசு இருக்குற எடமாப் பாத்து நிறுத்தணும். போறப்பவும் வர்றப்பவும். யாரும் கேக்காமலே நிறுத்தணும்."

"இதென்ன பெரிய காரியம்?" என்றார் பெத்துராஜ்.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. சூர்யகலா அப்போது தேனியில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவளிடம் பொன்னுமணி எல்லாவற்றையும் சொன்னாள். இங்கிலீஷ்ச் சீட்டை ஊர் நடுவில் மகளே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சூர்யகலா சீட்டை வாங்கிப் படித்தாள். அழுதாள். பிறகு, "என்னால முடியாதும்மா" என்றாள். "அவரு செஞ்சது அநியாயம். ஆனா எனக்கு அப்பா. அவர நடு ரோட்டுல நிறுத்துறதுக்கு என்னையக் கூப்பிடாத."

"என்னைய நிறுத்துனப்ப நீ எங்க இருந்த?"

"ஸ்கூல்ல இருந்தேன். அஞ்சாப்புல." சூர்யகலா பையை எடுத்துக்கொண்டு மறு பஸ்சிலேயே தேனிக்குப் போய்விட்டாள்.

பொன்னுமணி ஆரம்பித்ததை நிறுத்தவில்லை.

ஆவணியில் முதல் எடுப்பு. தோட்டங்களில் காய் முற்றி நின்றது. நாலு நாள் தாமதித்தால் வெடித்துக் கொட்டிவிடும். ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் சிலமலை பஸ் நிறுத்தத்தில் திருப்பதியின் மூன்று ஜீப்பும் வரிசையாக நின்றன. பெண்கள் தூக்குவாளியோடு வந்தார்கள். வந்தவர்கள் ஜீப்பில் ஏறவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். பத்து, இருபது, முப்பத்தெட்டு பேர். டீக்கடையில் இருந்த ஆண்கள் கிளாசோடு வெளியே வந்தார்கள். சுருளிவேலும் அங்கேதான் இருந்தார்.

"என்னடி, வெளையாட்டா இருக்கா? வெரசா ஏறுங்க" என்று கத்தினான் திருப்பதி.

பொன்னுமணி ரோட்டைக் கடந்து அவன் முன்னால் போய் நின்றாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவனோடு பேசின முதல் பேச்சு அது. கட்டின நாளிலிருந்து அவனை 'ஏங்க' என்றே கூப்பிட்டவள், அன்றைக்கு முதல் தடவையாக 'நீ' என்றாள்.

"இது நீ போட்ட கையெழுத்தா, பாரு."

நகலை நீட்டினாள். அவன் வாங்கினான். பார்த்ததும் அவன் முகம் மாறியதை எதிர்ப்பக்கம் இருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள்.

"என்ன கருமம் இது? எனக்கு இங்கிலீசு தெரியுமா?"

"டாக்டரம்மா ஒனக்குத் தமிழ்லதான சொன்னாங்க? எனக்கும் தமிழ்லயே தெரியும்." பொன்னுமணி திரும்பி, டீக்கடையைப் பார்த்து, மனப்பாடமாகச் சொன்னாள். கிழிசல், தையல், மூன்று மாதம் பாரம், ஆறாவது வாரம், கணவரிடம் விளக்கிச் சொல்லப்பட்டன. ஒரு சொல் திக்கவில்லை. "இருபத்தெட்டாம் நாளு என்னைய ஜீப்புல ஏத்துனது இவன். எல்லாம் ஆறிருச்சுன்னு சொன்னது இவன். இவன் பிள்ளையப் பெத்துத்தான் எனக்கு இப்படி ஆச்சு. அது இவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் எவன் கூடப் போனேன்னு கேட்டான். நீங்களும் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தீக."

"அன்னைக்கு நெலம அப்படி..." என்றான் திருப்பதி. "முதலாளி ஜீப்பு. ஆள் கொறஞ்சா என்னைய எறக்கிவிட்டுருவான்..."

"அத நான் கேக்கல. சாவடியில சொன்னது பொய்யின்னு அதே சாவடியில நின்னு சொல்லு."

அவன் தாளைக் கசக்கிப் போட்டான். பொன்னுமணி குனியவில்லை. "போட்டுக்க. இன்னும் முப்பது நகல் இருக்கு" என்றாள். செல்லக்கிளி முதல் ஆளாகப் பெத்துராஜின் ஜீப்பில் ஏறினாள். அன்றைக்கு மூன்று ஜீப்பும் காலியாகவே போடிக்குத் திரும்பின.

செவ்வாய், புதன், வியாழன். திருப்பதி பக்கத்து ஊர்களில் ஆள் தேடினான். எடுப்பு நேரத்தில் ஆள் எங்கே கிடைக்கும்? கிடைத்த ஏழெட்டுப் பேருக்கும் விஷயம் எட்டிவிட்டது. பூப்பாறைத் தோட்டத்து மேனேஜர் போனில் மலையாளத்தில் வைதது டீக்கடை வரை கேட்டதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுருளிவேல் பொன்னுமணி வீட்டு வாசலுக்கே வந்தார்.

"ஆத்தா, அவன் சாவடிக்கு வர்றான். சொல்லிர்றான். நீயும் வா."

இந்தத் தடவை பொன்னுமணி வெயிலில் நிற்கவில்லை. பெண்கள் உட்காராத சாவடிக்குள் ஏறிப்போய் நடுவில் உட்கார்ந்தாள். பின்னாலேயே செல்லக்கிளியும் இன்னும் இருபது பேரும் ஏறினார்கள். ஆண்கள் சுவரோரமாக ஒதுங்க வேண்டியதாகிவிட்டது.

திருப்பதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி."

"என்ன சொன்ன? அதச் சொல்லிட்டுப் பொய்யின்னு சொல்லு."

"பொன்னுமணி, போதும்..."

"சொல்லு."

சொன்னான். ஒவ்வொரு வார்த்தையாக. சொல்லி முடித்தபோது அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. சுருளிவேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரித்தா, அவன் சொல்லிட்டான். இதோட..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க இன்னும் சொல்லலையே, மாமா" என்றாள் பொன்னுமணி. "கெட்ட பானைன்னீக."

கிழவருக்கு எழுபது வயது. அவர் வாயிலிருந்து ஒரு பெண்ணிடம் தப்பு என்ற சொல் வந்ததை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டது.

படியிறங்கும்போது திருப்பதி பின்னாலேயே வந்தான். "திங்கக்கெழமை ஆளு வருவாங்கல்ல?"

பொன்னுமணி நின்று திரும்பினாள். "வருவாங்கன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"அப்ப எதுக்கு என்னையச் சொல்ல வச்ச?"

"கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. கேட்டேன்."

திங்கட்கிழமையும் ஜீப் காலியாகவே நின்றது. அந்த மாதமே அந்தத் தோட்டத்துக்கு ஆள் விடுகிற வேலை பெத்துராஜ் கைக்கு மாறியது. ஐப்பசிக்குள் திருப்பதி ரெண்டு ஜீப்பை விற்றான். மிச்சமிருந்த ஒன்றில் குரங்கணிப் பக்கம் லோடு அடிக்கப் போனான். ரெண்டாவது ஜீப் விற்ற சேதி வந்த அன்றைக்குப் பொன்னுமணி ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்துச் செல்லக்கிளி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள்.

"பாவமா இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல" என்றாள். "நீங்க இருக்குன்னு எழுதிராதீங்க."

ஆனால் எல்லாம் அவள் நினைத்தபடி முடிந்துவிடவும் இல்லை. சூர்யகலா நாலு மாதம் போன் எடுக்கவில்லை. தீபாவளிக்கு வரவில்லை. கார்த்திகையில் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். திருப்பதியைப் பற்றி ரெண்டு பேரும் பேசவில்லை. வார்டில் இப்படி இறக்கத்தோடு வந்த ஒரு அம்மாவைப் பார்த்ததாகவும், யாரும் கேட்காததை இவள் கேட்டதாகவும் சொன்னாள். "என்ன கேட்ட?" என்றாள் பொன்னுமணி. "பிள்ளை பெறந்தப்ப ஆயுதம் போட்டாங்களான்னு." அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை பேசிக்கொள்கிறார்கள். பழைய மாதிரி இல்லை என்கிறாள் பொன்னுமணி. அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள்.

உடம்பும் முழுசாகச் சொன்னபடி கேட்கவில்லை. ஜெஸ்ஸி முதலில் உள்ளே வைக்கிற ரப்பர் வளையம் கொடுத்தார். தசை பிய்ந்தவர்களுக்கு அது நழுவும் என்று முன்பே சொல்லித்தான் கொடுத்தார். முதல் வளையம் ஏலச்செடித் தூரில் விழுந்தது. ரெண்டாவது அளவும் நிற்கவில்லை. மூன்றாவது நின்றது. இப்போது காலையில் காப்பி குடிக்கிறாள், மத்தியானம் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறாள். சாக்கு மட்டும் தூக்குவதில்லை. பெத்துராஜின் ஜீப்பில் போகிற பெண்களில் தசை பிய்ந்தவர்களும் தளர்ந்தவர்களும் சாக்கைத் தொடக் கூடாது என்று மேனேஜரிடம் பேசி வைத்திருக்கிறாள். கடைசி எடுப்பு முடிந்ததும், மாசியில் ஆபரேஷன். இப்படிப் பிய்ந்தவர்களுக்கு ஆபரேஷன் பண்ணினாலும் திரும்ப இறங்குவதற்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்று ஜெஸ்ஸி ஸ்கேன் படத்தை வைத்தே விளக்கினார். "எறங்குனா மறுபடி வர்றேன்" என்றாளாம் பொன்னுமணி.

தை மாதத்தில் ஒருநாள் நானும் அவர்களோடு ஜீப்பில் போனேன். முந்தலில் நிறுத்தி எல்லோரும் இறங்கி ஏறியாகிவிட்டது. குரங்கணி ரோடு பிரிகிற இடத்தில் ஒரு லோடு ஜீப் குறுக்கே நின்றது. காப்பி மூட்டை சரிந்து, அதை ஓட்டி வந்தவன் தனியாளாகக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அழுக்குச் சட்டை. யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஜீப்புக்குள் பேச்சு சட்டென்று நின்றதில்தான் தெரிந்தது.

பெத்துராஜ் வண்டியை ஆஃப் பண்ணினார். "ஒத்தையில கட்டுறான் பாவம். ரெண்டு நிமிசம் பொறுப்போம்."

முன்சீட்டில் இருந்த பொன்னுமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் கயிற்றுக்குக் குனிந்துகொண்டான்.

"எதுக்குப் பொறுக்கணும்?" என்றாள் பொன்னுமணி. "ஆரன அடிங்கண்ணே."